திருப்பிச் சொல்லுங்க

அகஸ்டினுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடியோ சீட்டாட்டமோ இல்லை. அதுவாக இருந்திருந்தால் மயிலாப்பூர்க்காரர்கள் எளிதாகப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் மோட்டாரைக் கழற்றினால் வீட்டுக்காரரை எதிரில் நிற்கவைத்துத்தான் கழற்றுவான். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, கழற்றிய சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்குவான். எது கெட்டுவிட்டது, எது கெடப்போகிறது, மாற்றினால் என்ன ஆகும், மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒன்று விடாமல் சொல்வான். அதோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. "இப்ப நீங்க திருப்பிச் சொல்லுங்க" என்பான். சொல்லும்வரை ஸ்பேனரைத் தொடமாட்டான்.

போன மே மாதம் முதல் வாரத்தில், கத்திரி வெயிலில், வடக்கு மாடவீதிப் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டில் ஸ்ரீலக்ஷ்மி மாமி அவனிடம் பட்ட பாட்டை நான் நேரிலேயே பார்த்தேன். என் கடையிலிருந்து பேரிங் கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தேன். மாமி வியர்த்துக் கொட்டிக்கொண்டு மோட்டார் அறை வாசலில் நின்றாள்.

"நேக்கு இதெல்லாம் தெரியாதுப்பா. கார்த்தாலேர்ந்து ஆத்துல ஒரு சொட்டு ஜலம் இல்லே. நீயே பாத்துப் பண்ணிடேன்."

அகஸ்டின் ஸ்பேனரைப் பையில் போட்டான்.

"நான் பாத்துப் பண்ணிட்டுப் போனா, நாளைக்கு மோட்டார் எரிஞ்சா யாரத் திட்டுவீங்க? என்னியத்தான் திட்டுவீங்க. இன்னா பண்ணான்னு உங்களுக்குத் தெரியணுமா வாணாமா?"

"சொல்லித் தொலை."

சொன்னான். மாமி பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதைப் போலத் திருப்பிச் சொன்னாள். "பேரிங் போயிடுத்து. அதை மாத்தினா சத்தம் நின்னுடும். உள்ள சுத்தியிருக்கிற காயில் கம்பில ஈரம் இறங்கியிருக்கு. அது ஒரு வருஷமும் ஓடும், நாளைக்கே எரிஞ்சும் போகும். அதுக்கு நீ பொறுப்பில்லே. போறுமா?"

"போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

நான் கோதண்டபாணி. கச்சேரி ரோட்டில் பம்பு சாமான் கடை வைத்திருக்கிறேன். என் கடையின் பக்கச் சுவரை ஒட்டித்தான் அவன் பட்டறை. இருபத்தாறு வருஷப் பழக்கம். இத்தனை வருஷத்தில் அவனோடு நான் போட்ட சண்டைகளைச் சொன்னால் தனியாக ஒரு நாள் வேண்டும். இப்போது சொல்லப்போவது அவன் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தடவை அந்தப் பழக்கத்தை விட்டதைப் பற்றி. அதற்குக் கொஞ்சம் நானும் காரணம். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

பிப்ரவரி மாதம் ஒரு மத்தியானம். கடையில் ஆள் இல்லை. அகஸ்டின் கையில் கிரீசோடு வந்து பிவிசி பைப் கட்டின் மேல் உட்கார்ந்தான்.

"கோதண்டம், ஒன்னு சொல்லுவேன். சிரிச்சேன்னு வெச்சிக்க, ஸ்பேனராலயே அடிப்பேன்."

"சிரிக்கல. சொல்லு."

"நாலு வருஷமா பொஞ்சாதியாண்ட ஒன்னும் இல்லபா."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் நான் சிரிக்கவில்லை. அவனுக்குச் சர்க்கரை வந்து பதினாலு வருஷம். காலில் புண் வந்து இரண்டு மாதம் பட்டறையை மூடினவன். மாத்திரை போட்டுப் பார்த்திருக்கிறான், தலைவலிதான் வந்தது. அங்கேயே குத்திக்கொள்ளும் ஊசி என்று ஒன்று இருக்கிறதாம், அதையும் இரண்டு தடவை கடையின் பின்னாலிருக்கும் கக்கூசில் குத்திப் பார்த்திருக்கிறான். எனக்குத் தெரியாது. அதைச் சொல்லும்போது சுவரில் மாட்டியிருந்த வாஷர் அட்டையைப் பார்த்தபடி சொன்னான். ஐம்பத்து மூன்று வயசு ஆளைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

என் மச்சானுக்குச் சிறுநீரகக் கல் எடுத்த டாக்டர் ஜெயராம் அடையாறில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கைராசிக்காரர் என்று பெயர். நான்தான் நேரம் வாங்கிக் கொடுத்தேன். நான்தான் ஸ்கூட்டரில் உட்காரவைத்து அழைத்தும் போனேன்.

இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போனவன், நான் மெஷினில் வாங்கிய டீ ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டான்.

"இன்னா சொன்னாரு?"

"உள்ள ஒன்னு வெச்சிடலாம்னாரு. இம்ப்ளான்ட்டு."

"அது எப்டி இருக்கும்?"

"கேக்கல."

"எத்தினி வருஷம் வரும்?"

"கேக்கலபா."

"அப்ப இன்னாதான் பேசின உள்ள?"

அவன் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தான். "அங்க ஒரு பொண்ணு நோட்டோட நின்னுகினு இருந்திச்சி. நோயாளிங்களுக்கு எடுத்துச் சொல்ற கவுன்சிலராம். நம்ம ஜொவிட்டா வயசு. அது எதிர்க்க நான் இன்னான்னு கேப்பேன்? நீங்க பாத்துச் செய்ங்க சார்னு சொல்ட்டு வந்துட்டேன்."

ஜொவிட்டா அவன் மகள். கல்யாணம் ஆகி பெங்களூரில் இருக்கிறாள்.

நான் அவனையே பார்த்தேன். மயிலாப்பூர் முழுக்க ஒருத்தரையும் அந்த வார்த்தையைச் சொல்ல விடாத ஆள், தன் உடம்பை ஒருத்தரிடம் கொடுத்துவிட்டு அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அப்போதே அவனைத் திருப்பி உள்ளே அனுப்பியிருக்க வேண்டும். அடுத்த தடவை கேட்டுக்கலாம் என்றேன். அடுத்த தடவையும் அதற்கடுத்த தடவையும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், இதயப் படம் என்று எடுத்தார்களே தவிர டாக்டர் அவனிடம் பத்து வார்த்தை பேசவில்லை. மே மாதம் இரண்டாவது வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள்.

ஊருக்குக் குடலிறக்கம் என்று சொல்லிவைத்தான். அதுவும் லேசாகச் சொல்லவில்லை. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நோயாளிகளுக்கான மன்றாட்டில் அவன் பெயரையும் வாசித்து, 'குடலிறக்க அறுவைச் சிகிச்சை நல்லபடி நடக்க' என்று ஊரே எழுந்து நின்று வேண்டிக்கொண்டதாம். அவர்கள் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுவான அன்பியத்தின் செயலாளர் டெரிக், ஒரு டஜன் சாத்துக்குடியோடு பட்டறைக்கே வந்துவிட்டார்.

"ஹெர்னியாலாம் இப்ப ஒரு மேட்டரே இல்லண்ணே. உள்ள ஒரு வலைய வெச்சித் தெச்சி அனுப்பிடுவான். என் மாமனாரு மூணாம் நாளே பட்டினப்பாக்கத்துக்குப் போய் மீன் வாங்கினாரு."

அகஸ்டின் சாத்துக்குடியை வாங்கிக்கொண்டு பல்லைக் கடித்தான். நான் கல்லாவுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டிலாவது உண்மையைச் சொல்லியிருப்பான் என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

அவன் மனைவி பியாட்ரிஸ் சாந்தோமில் ஒரு கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறாள். கோடை விடுமுறையில் மட்டும் மத்தியானச் சாப்பாட்டைத் தானே கொண்டுவருவாள். அன்றைக்கும் குடையும் டிபன் கேரியருமாக ஒன்றரை மணிக்கு வந்தாள். கேரியரைப் பட்டறை மேசையில் வைத்தாள். கேழ்வரகுக் களியும் நெத்திலிக் குழம்பும். வாசனை என் கடைவரை வந்தது. பிறகு கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"மொதல்ல துன்னு. அப்புறம் இத்தப் பாரு" என்றாள்.

வெளியாட்கள் எதிரில் அவள் அவனை 'நீங்க' என்றுதான் சொல்வாள். 'நீ' என்று கேட்டதும் நான் எழுந்து வந்தேன்.

"சாட்சிக் கையெழுத்துப் போடுன்னு நேத்து குடுத்தியே. ஹெர்னியா ஃபாரம்னு சொன்னியே. போட்டுட்டுத் தூங்கிடுவேன்னு நெனச்சியா? நாலு பக்கம் இங்கிலீஷு. இருபத்தெட்டு வருஷமா இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிறவகிட்ட இங்கிலீஷ்ல பொய் சொல்லிக் குடுத்துட்ட."

கை கழுவப் போன அகஸ்டின் குழாயைத் திறந்துவிட்டு நின்றான்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சும் முட்டி போட்டு வேண்டிக்கினேன்யா நான். உன் குடலுக்கு."

"பியாட்ரிஸ், கம்முனு இரு. கடைத்தெரு இது."

"அது உனக்கும் எனக்கும். அத அப்புறம் வெச்சிக்கிறேன். மொதல்ல இந்த டாக்டரு." ஃபைலைத் திறந்தாள். ஃபாரத்தில் மூன்று இடங்களில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தாள். ஓரத்தில் கேள்விக்குறி வேறு. "கோதண்டம் அண்ணே, நீங்களும் வாங்க. நீங்க சேர்த்துவிட்ட டாக்டருதானே?"

போகாமல் இருக்க முடியுமா? போனேன்.

"ஒன்னு. இதுல ரெண்டு வகை போட்டிருக்கு. ஒன்னு வளையற கம்பி. கம்பி ரெண்டு உள்ள சொருகிடுவாங்க, எப்பவும் வெறைப்பாவே இருக்கும், வேணும்னா நிமித்திக்கலாம், வேணாம்னா மடிச்சி விட்டுக்கலாம். இன்னொரு வகை எதுவோ, அத அடிச்சிட்டுக் கம்பிக்கு டிக் போட்டிருக்காங்க. யாரு அடிச்சது?"

"கம்பியா?" என்றான் அகஸ்டின்.

"உனக்குத் தெரியாதா?"

நான் அவன் முகத்தைப் பார்க்காமல் கேரியரைப் பார்த்தேன்.

"ரெண்டு. சர்க்கரை கட்டுல இல்லன்னா உள்ள சீழ் புடிக்கும், அப்டி ஆனா மொத்தத்தையும் எடுக்கணும்னு போட்டிருக்கு. உன் மூணு மாசச் சர்க்கரை ஒன்பதரை. ரிப்போர்ட்டு இதே ஃபைல்ல அடுத்த தாள்ல கீது. அந்த ஆளு இந்தத் தாளையும் பாத்திருக்காரு, அந்தத் தாளையும் பாத்திருக்காரு. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னாரா?"

"பெரிய டாக்டரு டீச்சர், அவருக்குத் தெரியாமலா..." என்று ஆரம்பித்தேன்.

"அவருக்குத் தெரியும்ணே. இவருக்குத் தெரியணுமே."

அவள் விரல் மூன்றாவது வட்டத்துக்குப் போனது.

"மூணாவது எனக்கே சரியாப் புரியல. 'நிரந்தரமான இழப்பு'ன்னு எழுதியிருக்கு. எது நிரந்தரம், இன்னா இழப்பு?"

அகஸ்டினுக்குக் கோபம் வந்துவிட்டது. அவமானம் அவனுக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"நீ யாரு அதுல செவப்பு மையில கிறுக்கறதுக்கு? என் ஒடம்பு. நான் பாத்துக்கறேன்."

"என் கையெழுத்துக் கேட்டுகீறாங்களே. அப்ப நான் யாரு?"

அவன் கேரியரைத் திறக்கவே இல்லை. மந்தைவெளியில் ஒரு மோட்டாரைப் பார்க்கணும் என்று பையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனான். நெத்திலிக் குழம்பு சாயங்காலம்வரை மேசையிலேயே இருந்தது.

ஆனால் புதன்கிழமை காலை எட்டரைக்கு மூன்று பேருமாக ஷேர் ஆட்டோவில் அடையாறு போனோம். ஆஸ்பத்திரியில் ஏசி எலும்பில் இறங்கியது. கவுன்சிலர் அனன்யா எங்களைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினாள்.

"அட்மிஷன் நாளைக்குத்தானே மேடம்? டாக்டர் எல்லாம் ஏற்கெனவே டிஸ்கஸ் பண்ணிட்டாரே."

"என்ன டிஸ்கஸ் பண்ணாருன்னு சொல்லும்மா. நாங்க போயிடறோம்."

அந்தப் பெண் நோட்டைப் புரட்டினாள். "பேஷன்ட் அக்ரீட்னு எழுதியிருக்கு."

"எதுக்கு?"

டாக்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். பாவம், அவளும் சொன்னதை எழுதுகிறவள்தான். பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஜெயராம் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே "சொல்லுங்க" என்றார். பியாட்ரிஸ் ஃபாரத்தை மேசையில் வைத்தாள். சிவப்பு வட்டங்களைப் பார்த்ததும்தான் நிமிர்ந்தார்.

"இது லீகல் டாக்குமென்ட். இதுல எழுதக் கூடாது மேடம்."

"புரியாத எடத்துல வட்டம் போடறதுதான் என் வேலை டாக்டர். இந்தக் கம்பின்னு யாரு முடிவு பண்ணது?"

"நான்தான். உங்க ஹஸ்பெண்ட்தான் என்னைப் பாத்துச் செய்யச் சொன்னாரு." அகஸ்டின் பக்கம் திரும்பினார். "சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேன் சார்" என்றான் அகஸ்டின். எனக்கு ஸ்ரீலக்ஷ்மி மாமி மோட்டார் அறை வாசலில் நின்றது ஞாபகம் வந்தது. மாமிக்காவது சொல்லித் தர ஒரு ஆள் இருந்தான்.

"சர்க்கரை?" என்றாள் பியாட்ரிஸ்.

"கொஞ்சம் அதிகம்தான். ஆன்டிபயாட்டிக்ல கவர் பண்ணிடுவோம். டெய்லி பண்றோம் மேடம் இதெல்லாம்."

"ஒரு மாசம் தள்ளி, சர்க்கரையக் கொறச்சிட்டுப் பண்ணா என்ன?"

"தியேட்டர் ஸ்லாட் போட்டாச்சு."

"இந்த நிரந்தரமான இழப்புன்னு போட்டிருக்கே, அது என்ன டாக்டர்? வெச்சப்புறம் சரிப்படலன்னு எடுத்துட்டா, பழையபடி ஆயிடுமா?"

"ஆகாது. இதை உள்ள வெக்கணும்னாலே அங்க இருக்கிற சதை அழுத்தப்பட்டு வீணாப்போயிடும். அப்புறம் மாத்திரை, ஊசி எதுவும் எடுபடாது. நீளமும் கொஞ்சம் குறையும்." கடிகாரத்தைப் பார்த்தார். "ஆனா அது இப்பவே ஒன்னும் வேலை செய்யலியே? அப்புறம் எதை இழக்கப் போறாரு?"

சொன்னவருக்கு அது சாதாரணப் பேச்சு. கவுன்சிலர் பெண் குனிந்து நோட்டில் ஏதோ எழுதினாள். அகஸ்டின் காது மடல்கள் சிவந்துபோயின. எனக்கு அந்த மேசையைக் கவிழ்க்கவேண்டும் போலிருந்தது.

"இன்னொரு வகை இருக்கே டாக்டர், அத ஏன் அடிச்சீங்க?" பியாட்ரிஸ் விடவில்லை.

"அது உங்களுக்குச் சரிப்படாதும்மா. காம்ப்ளிகேட்டட். வயித்துக்குள்ள ஒரு தண்ணிப் பை, விதைப்பைக்குள்ள ஒரு குட்டி பம்ப். அதைத் தடவிக் கண்டுபிடிச்சு, அமுக்கி அமுக்கித் தண்ணிய ஏத்தணும். முடிஞ்சதும் வால்வை அமுக்கி இறக்கணும். படிச்ச ஆளுங்களே தடுமாறுறாங்க. இவங்கள மாதிரி ஆளுங்களுக்கு பம்பெல்லாம் புரிஞ்சி ஆப்பரேட் பண்ண வராது. அதனாலதான் சிம்பிளா கம்பி."

நான் சிரித்துவிட்டேன். அடக்கவே முடியவில்லை. அந்தக் குளிர் அறையில் அது கொடூரமாகக் கேட்டது. டாக்டர் என்னை முறைத்தார்.

அகஸ்டின் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அந்தப் பம்பு இங்க கீதா சார்?"

டாக்டர் சலிப்போடு இழுப்பறையைத் திறந்து ஒரு மாதிரியை எடுத்துப் போட்டார். இரண்டு நீளக் குழல், ஒரு பை, நடுவில் கட்டைவிரல் அளவு பம்பு, எல்லாவற்றையும் இணைக்கிற மெல்லிய டியூப். அகஸ்டின் மேசைமேல் கிடந்த செய்தித்தாளை இழுத்து விரித்து, அதன் மேல் அதை வைத்தான். டியூபை விரலால் தொட்டுக்கொண்டே போனான். பம்பைக் கையில் எடுத்தான். மேசைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டு, பார்க்காமல், டாக்டரையே பார்த்தபடி அமுக்கினான். மேசைமேல் இரண்டு குழல்களும் நிமிர்ந்தன. கட்டைவிரலை நகர்த்தி இன்னொரு தடவை அமுக்கினான். இரண்டும் தொய்ந்தன. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது போச்சின்னா இங்கதான் போவும்" என்று டியூப் பம்போடு சேரும் இடத்தைக் காட்டினான். "மடிஞ்சி மடிஞ்சி விரிசல் வுடும். சரியா சார்?"

"ஆமா" என்றார் டாக்டர். "எப்படி..."

"முப்பத்திரண்டு வருஷமா பம்பு மெக்கானிக் சார் நான். நாலு தபா வந்துகீறேன். இன்னா வேலை பண்றேன்னு நீங்க ஒரு தபா கேக்கல."

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். தொழில் என்ற இடத்தில் தினக்கூலி என்று எழுதியிருந்தது. யார் எழுதினார்களோ. மனுஷர் ஒரு நொடி தடுமாறினார். அதை நான் பார்த்தேன். ஆனால் சுதாரித்துக்கொள்வது அவர்களுக்கு எவ்வளவு நேரம்!

"சரி, அப்ப பிரச்சினையே இல்ல. பம்ப் டைப்பே வெச்சிடலாம். நாளைக்கே. அனன்யா, டிக்கை மாத்திடுங்க."

அந்தப் பெண் பேனாவைத் திறந்தாள். அகஸ்டின் ஃபாரத்தின் மேல் கையை வைத்தான். எத்தனை தேய்த்தாலும் போகாத கிரீஸ் படிந்த கை.

"இருங்க சார். எனக்கு இன்னா பண்ணப் போறீங்க? என்னா போவும், என்னா வரும், சீழ் புடிச்சா இன்னா, பம்பு போச்சின்னா இன்னா? மொதல்லேர்ந்து சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்றேன். நான் சரியாச் சொன்னா அப்பால டிக் போடுங்க."

"வெளில நாப்பது பேர் உக்காந்திருக்காங்க."

"தெரியும் சார். நானும் உக்காந்து கீறேன், நாலு தபா."

"இங்க பாருங்க, நம்பிக்கை இருந்தா வாங்க. இல்லன்னா வேற எடம் பாத்துக்குங்க. கிளாஸ் எடுக்க எனக்கு நேரம் இல்ல."

அகஸ்டின் அந்த மாதிரிப் பம்பை, குழலை, பையை வரிசையாக டாக்டர் பக்கம் நகர்த்தி வைத்தான். செய்தித்தாளை மடித்தான். ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தான். வாடிக்கையாளர் வீட்டில் பையை எடுத்துக்கொண்டு எழுவானே, அதே மாதிரி. எனக்கு விசில் அடிக்கலாம் போலிருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் ஆட்டோவில் அவன்தான் பேசினான். "கம்பியாம்! என்னியக் கேக்காம! பம்பு வராதாம் எனக்கு! ஒரு வார்த்தை சொன்னானாபா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை? என் ஒடம்புல கைய வெக்கப் போறவன் என்கிட்ட சொல்ல வாணாம்?" மந்தைவெளி சிக்னலில் பக்கத்து பைக்காரன் திரும்பிப் பார்த்தான். நானும் கூடவே ஏற்றிவிட்டேன். பியாட்ரிஸ் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. கச்சேரி ரோடு வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. கடல் காற்று இன்னும் இறங்கவில்லை. அகஸ்டின் மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான்.

"சொல்லணுமா வாணாமா கோதண்டம்? நீயே சொல்லு. ஒரு மனுசனுக்கு இன்னா நடக்கப் போவுதுன்னு..."

"சொல்லணும்" என்றாள் பியாட்ரிஸ்.

குரல் உயரவில்லை. அவன் நிறுத்திவிட்டான்.

"நீ சொன்னியா?"

"யாருகிட்ட?"

"என்கிட்ட. நாலு வருஷமா. மாத்திரை துன்னியாமே. ஊசி குத்திக்கினியாமே. இந்த ஃபைல்லதான் படிச்சேன். நாள் குறிச்சியே, எனக்கு இது வேணுமா வாணாமான்னு ஒரு வார்த்தை கேட்டியா? என்னா போவும் என்னா வரும்னு எனக்குச் சொன்னியா? ஹெர்னியான்னு சொல்லி, கையெழுத்துக்கு மட்டும் ஃபாரத்த நீட்டின. அந்த டாக்டரு உனக்கு இன்னா பண்ணானோ, அத்தத்தான் நீ எனக்குப் பண்ண. அவன் எட்டு நிமிஷம் பண்ணான். நீ நாலு வருஷமா பண்ணிகீற."

அகஸ்டின் என்னைப் பார்த்தான். நான் மெதுவாக என் கடைப் பக்கம் நகர்ந்தேன்.

"நீங்க எங்க போறீங்கண்ணே? உங்களுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், அந்தக் கவுன்சிலர் பொண்ணுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது."

நின்றுவிட்டேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது? பிப்ரவரியிலிருந்து அவளைப் பார்க்கும்போதெல்லாம் 'நல்லாகீறீங்களா டீச்சர்' என்று கேட்டவன் நான்.

அவள் மூலையில் கிடந்த பழைய செய்தித்தாளை எடுத்துத் தரையில் விரித்தாள். ஒரு பக்கம் அவனுடைய பலகையை இழுத்துப் போட்டாள். மறுபக்கம், வீட்டுக்காரர்கள் நிற்கும் இடத்தில், போய் நின்றாள்.

"உக்காரு. மொதல்லேர்ந்து சொல்லு. நான் திருப்பிச் சொல்றேன்."

அவன் உட்கார்ந்தான். காலியாகக் கிடந்த தாளையே பார்த்தான். தாளின் ஓரத்தை விரலால் நீவிவிட்டு ஆரம்பித்தான்.

"நாலு வருஷம் முன்ன, ஜொவிட்டா கல்யாணம் முடிஞ்ச மாசம்."

"ஜொவிட்டா கல்யாணம் முடிஞ்ச மாசம்."

"ஒரு நாள் முடியல. மறுநாளும் முடியல. சரியாப் பூடும்னு நெனச்சேன்."

"சரியாப் பூடும்னு நெனச்ச."

"ஆவல. அப்பால உன்னாண்ட வர்றதுக்கே பயமா பூட்ச்சி. நீ இன்னா நெனைப்பியோன்னு. அதான் முதுகக் காட்டிப் படுத்துக்கினேன்."

அதை அவள் திருப்பிச் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையா என்னவோ எனக்குத் தெரியாது.

"நான் இன்னா நெனச்சேன்னு நான் சொல்றேன்" என்றாள். "என்னியப் புடிக்காமப் போச்சின்னு நெனச்சேன். ஐம்பது வயசாச்சி, ஒடம்பு ஊதிப்போச்சி, இனிமே இவருக்கு நான் எதுக்குன்னு நெனச்சேன். தெனம் உனக்குச் சோத்தக் கட்டச்சே அத்தத்தான் நெனச்சிக்கினு கட்டுவேன். நாலு வருஷம். கேட்டியா?"

அவன் தலையை ஆட்டினான்.

"தலைய ஆட்டினா எனக்குப் புரியாது. திருப்பிச் சொல்லு."

ஊரையே திருப்பிச் சொல்லவைத்தவன் வாயைத் திறந்தான். அவன் கை தரையில் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தது.

நான் பட்டறை ஷட்டரைப் பிடித்து இறக்கினேன். இந்தத் தடவை அவள் என்னைத் தடுக்கவில்லை. ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு வந்தபோது உள்ளே அகஸ்டினின் குரல் கேட்டது. "உன்னிய எனக்குப் புடிக்காமப் போச்சின்னு..." என்று ஆரம்பித்து, பாதியிலேயே உடைந்து நின்றது.

"சத்தமா" என்றாள் பியாட்ரிஸ்.